மனை போட்ட இடம் எத்தனை டிகிரி சூடானது? செயற்கைக்கோள் படத்தில் நீங்களே அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"மரத்தையெல்லாம் வெட்டி மனை போட்டார்கள், அப்புறம்தான் இந்தச் சூடு." இதைச் சொல்லாத ஊர் இல்லை. எத்தனை டிகிரி கூடியது, எந்த ஆண்டிலிருந்து, அதில் பசுமை போனதால் வந்தது எவ்வளவு என்று அதிகாரி ஒருவர் திருப்பிக் கேட்டால் பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் பதிலை, அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்து இலவசமாகக் கிடைக்கும் படங்களை வைத்து ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே எடுக்க முடியும்.

கல்லூரி மாணவர்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்தினருக்கும் இதைச் செய்துகாட்டி வருகிறேன். மென்பொருளில் யாரும் பெரிதாகத் திணறுவதில்லை. வரிசை மாறிப் போவதில்தான் வேலை கெடுகிறது. படத்தை முதலில் இறக்கிவிட்டு, சிவப்பாகத் தெரிகிற இடத்தைத் தேடிப் பிடித்து, பிறகு அதற்கேற்ற கேள்வியை எழுதுகிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

உதாரணத்துக்குத் தென்சென்னையை எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம், சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் போகும் சாலையின் இருபுறமும், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஊர்கள். வயலும் கோரையும் புதருமாக இருந்த நிலம் மனையாகவும் அடுக்குமாடியாகவும் மாறியதை லேண்ட்சாட் வரிசையில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம்.

1. அளப்பது தரையின் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது என்றால், அது நிழலான பெட்டிக்குள், தரையிலிருந்து ஓர் ஆளின் மார்பளவு உயரத்தில் இருந்த காற்றின் வெப்பநிலை. செயற்கைக்கோள் பார்ப்பது வேறு. கூரை, தார்ச்சாலை, இலை, மண் ஆகியவற்றின் மேல்தோல் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. வெயிலில் காயும் மொட்டைமாடி காற்றைவிடப் பல டிகிரி அதிகமாக இருக்கும். நீர் குடித்து நிற்கும் மரத்தின் இலை காற்றோடு ஒட்டியே இருக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம், இந்த இரண்டையும் கலந்து எழுதிய அறிக்கை முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். "எங்கள் பகுதியில் வெப்பநிலை 44 டிகிரி" என்று எழுதாதீர்கள். "தரைப்பரப்பு வெப்பநிலை" என்ற சொல்லை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பசுமை போனால் தரை ஏன் சூடாகிறது என்பதையும் இங்கேயே மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் எண்கள் புரியும். இலை வழியே ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் போக சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் செலவாகிறது. ஒரு நாளில் 100 லிட்டர் நீரை வெளிவிடும் பெரிய மரம் 68 யூனிட் வெப்பத்தை அப்படி எடுத்துச் செல்கிறது. மரமும் ஈரமண்ணும் போனால், அதே வெயிலுக்கு அந்த வெப்பம் போக வழியில்லை. தரையையும் அதன்மேல் உள்ள காற்றையும் சூடாக்குகிறது.

2. உட்காரும் முன் தயாராக இருக்க வேண்டியவை

க்யூஜிஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஓர் இலவசக் கணக்கு. எந்த ஆண்டில் நிலம் எப்படி இருந்தது என்று கண்ணால் பார்க்க கூகுள் எர்த் ப்ரோவின் பழைய படங்கள். பகுதிக்கு அருகில் உள்ள மழைமானியின் மாதவாரிக் கணக்கு. பிற்பாடு நேரில் போகும்போது ஒரு அகச்சிவப்பு வெப்பமானியும் ஒரு சுருள் கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் வேண்டும். டேப் எதற்கு என்று 11ஆம் படியில் சொல்கிறேன்.

இன்னொன்று ஊரில் 20, 25 வருடம் இருந்த ஒருவர். எந்த வருடம் மண் கொட்டினார்கள், எந்த ஏரிக் கால்வாய் மூடப்பட்டது என்று அவருக்குத் தெரியும். படத்தில் ஒரு திருப்பத்தைப் பார்த்துவிட்டுக் காரணம் தேடி நாள்கணக்கில் அலைவதைவிட அவரிடம் ஒரு டீ நேரம் பேசுவது மேல்.

3. படத்தைப் பார்க்கும் முன் எல்லையை வரையுங்கள்

க்யூஜிஸில் ஒரு புதிய பாலிகன் லேயரை (மூடிய எல்லைக்கோடு வரையும் அடுக்கு) திறந்து, நீங்கள் கேள்வி கேட்கும் நிலத்தின் எல்லையை வரையுங்கள். வெப்பப் படத்தை அதுவரை திறக்கவே கூடாது. சிவப்பைப் பார்த்துவிட்டு எல்லை வரைந்தால் கை தானாகவே சிவப்பைச் சுற்றித்தான் போகும். அப்படி வந்த முடிவை நீங்கள் நேர்மையாக நம்பினாலும் அது முடிவாகாது.

எவ்வளவு பெரிய நிலம் வேண்டும்? இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். லேண்ட்சாட் படம் 30 மீட்டர் கட்டமாக வரும், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். ஆனால் வெப்பத்தை அளக்கும் கருவியின் உண்மையான கட்டம் அதைவிடப் பெரியது. லேண்ட்சாட் 8, 9 இரண்டிலும் 100 மீட்டர். லேண்ட்சாட் 5இல் 120 மீட்டர். அதை உடைத்துத்தான் 30 மீட்டராகக் கொடுக்கிறார்கள். லேண்ட்சாட் 5இன் ஒரு வெப்பக் கட்டம் மூன்றரை ஏக்கர். உங்கள் தெருவிலுள்ள பத்து சென்ட் பூங்காவை இதில் தேடுவது வீண்.

குறைந்தது 25 ஏக்கர் ஒரே மாதிரி மாறிய இடமாக எடுங்கள். வரைந்த பிறகு எல்லையிலிருந்து உள்பக்கமாக 100 மீட்டர் சுருக்குங்கள். நிலம் நீளவாக்கில் ஒடுங்கி இருந்தால் சுருக்கிய பின் ஒன்றும் மிஞ்சாது, அதனால் அகலமும் முக்கியம். ஓரத்துக் கட்டங்களில் பக்கத்து ஏரியும் சாலையும் கலந்திருக்கும். சதுப்பு நிலத்தை ஒட்டிய மனைகளில் இதைச் செய்யாமல் விட்டால், குளிர்ந்த நீரின் அளவும் உங்கள் சராசரிக்குள் புகுந்து சூட்டைக் குறைத்துக் காட்டிவிடும்.

4. மாறாத இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

முழு வேலையிலும் இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள். இது இல்லாத ஆய்வை நான் படிப்பதே இல்லை.

ஒரு நாள் வெப்பமாக இருப்பதற்கு நூறு காரணம். முந்தின வாரம் மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம் அடித்தது, வானில் ஈரம் எவ்வளவு. 1991இல் ஒரு நாளையும் 2023இல் ஒரு நாளையும் எடுத்து நேராகக் கழித்தால் இவையெல்லாம் உங்கள் விடைக்குள் வந்துவிடும். இதைக் கழற்ற ஒரே வழி, இத்தனை வருடமும் மாறாத ஓர் இடத்தை அதே படத்தில் வைத்து ஒப்பிடுவது. மாறாத இடம் அன்று எவ்வளவு கூடியதோ, அது வானிலையின் பங்கு. அதற்கு மேல் உங்கள் நிலம் கூடியது, நிலம் மாறியதன் பங்கு.

ஒன்று மாறாத பச்சையாக இருக்கட்டும், மற்றொன்று மாறாத கட்டடப் பகுதியாக. தென்சென்னைக்கு நன்மங்கலம் காப்புக்காடு பச்சைக்குப் பொருத்தம். கட்டடப் பகுதிக்கு மயிலாப்பூர், தியாகராய நகர் போல முப்பது வருடம் முன்பே நெருங்கிவிட்ட இடம். உங்கள் நிலத்தையும் சேர்த்து மூன்று இடங்களுக்கும் கடலிலிருந்து உள்ள தூரம் ரொம்பவும் விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலையடிவார ஊர் என்றால் உயரமும் ஒத்துப்போக வேண்டும். காலை வெயில் விழும் கிழக்குச் சரிவும் நிழலில் கிடக்கும் மேற்குச் சரிவும் ஒன்றல்ல.

பலரும் கிண்டி தேசியப் பூங்காவைத்தான் முதலில் நினைப்பார்கள். சுமார் 270 ஹெக்டேர், பக்கத்திலேயே ஐ.ஐ.டி. வளாகத்தின் பசுமையும் இருக்கிறது, அளவில் குறையில்லை. ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரம் முழுக்க மரங்களைச் சாய்த்தது. 2017 படத்தில் எந்தப் பசுமையையும் "மாறாதது" என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதையே நல்லதாகவும் பயன்படுத்தலாம். கட்டடம் எதுவும் வராமல் மரம் மட்டும் போன இடம் எவ்வளவு சூடாகிறது என்று பார்க்க, 2016க்கும் 2017க்கும் ஒரே மாதப் படங்களை ஒப்பிடுவது போன்ற வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

5. தேதிகளைத் தேர்ந்தெடுப்பது

எல்லா ஆண்டுக்கும் ஒரே மாதம். இது அடிப்படை. சென்னைக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாகக் கிடைக்கும். மாதம் ஒன்றாக இருந்தாலும் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது மழை. சென்னையின் பசுமை வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்கிறது. 2018இல் அந்த மழை பொய்த்தது, 2019 கோடையில் ஏரிகள் வற்றி நகரமே குடத்தோடு நின்றது. 2015 கடைசியிலோ வெள்ளம். 2016 மார்ச் படத்தையும் 2019 மார்ச் படத்தையும் ஒப்பிட்டு "மூன்றே ஆண்டில் பசுமை அழிந்தது" என்று எழுதிய ஒரு மாணவர் குழுவைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அளந்தது மழையின் வித்தியாசத்தை. படம் எடுத்த நாளுக்கு முந்தைய அக்டோபர்–டிசம்பர் மழையையும் முந்தைய பத்து நாள் மழையையும் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

இரண்டாவது பயிர். மனையாவதற்கு முன் அங்கே நவரைப் பட்டத்து நெல் நின்றிருந்தால், பிப்ரவரியில் அந்த நிலம் குளிர்ந்த பச்சை; ஏப்ரல், மே மாதங்களில் அறுத்துப்போட்ட தாள் நிலம், கொதிக்கும். எந்த மாதத்தை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து "மனையால் சூடானது" என்பது பெரிதாகவோ சின்னதாகவோ வரும். ஆகவே பிப்ரவரிக்கு ஒன்று, ஏப்ரலுக்கு ஒன்று என்று இரண்டு வரிசையாகச் செய்யுங்கள். இரண்டையும் வெளியிடுங்கள்.

மூன்றாவது நேரம். லேண்ட்சாட் நம் பக்கம் காலை பத்து, பத்தரை மணி வாக்கில் கடக்கும். ஆனால் லேண்ட்சாட் 5இன் பாதை 1990களின் நடுவில் விலகி, வழக்கத்தைவிட முன்னதாகக் கடந்தது. அரை மணி முன்னதாகப் பார்த்தால் தரை அந்த அளவு குறைவாகச் சூடேறியிருக்கும். அதைப் புதிய படத்தோடு நேராகக் கழித்தால் இல்லாத சூடு வரும். படத்தோடு வரும் விவரக் கோப்பில் காட்சி எடுத்த நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டி உங்கள் அட்டவணையில் எழுதுங்கள்.

பழைய நிலைக்கு ஒரு படம், புதிய நிலைக்கு ஒரு படம் என்று நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முனைக்கும் அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் கிடைக்கும் தெளிவான படங்களையெல்லாம் எடுத்து நடுமதிப்பை (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்) கண்டுபிடியுங்கள். லேண்ட்சாட் ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை வரும். 8உம் 9உம் சேர்ந்து ஓடும் இப்போது 8 நாளுக்கு ஒன்று. பழைய காலத்தில் சில ஆண்டுகளுக்கு ஒரு நல்ல படம்கூட அகப்படாது, அதற்குத்தான் மூன்று ஆண்டு.

6. சரியான படத்தை இறக்குங்கள்

எர்த் எக்ஸ்ப்ளோரரில் சென்னைக்குப் பாதை (Path) 142, வரிசை (Row) 51. தொகுப்பு 2, நிலை 2, முதல் தரம் (Collection 2, Level 2, Tier 1) என்பதை மட்டும் எடுங்கள். நிலை 2 என்றால் காற்றுமண்டலத்தின் தலையீடு கழிக்கப்பட்டு, தரைப்பரப்பு வெப்பநிலையே கணக்கிட்டு வருகிறது.

இணையத்தில் கிடைக்கும் பல காணொளிகள் நிலை 1 படத்துக்கானவை. கதிர்வீச்சாக மாற்று, பிறகு பிரகாச வெப்பநிலை, பிறகு உமிழ்திறன் என்று ஏழெட்டுச் சூத்திரம் போடுவார்கள். நிலை 2 படத்தில் அதைப் போட்டால் இரண்டாம் முறை திருத்துவதாகிவிடும். எண் ஒன்று வரும், பார்க்க நியாயமாகக்கூட இருக்கும், ஆனால் தவறு.

லேண்ட்சாட் 7ஐப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2003 மே 31க்குப் பிறகு அதன் ஸ்கேனர் பழுதால் படத்தில் கோடு கோடாக இடைவெளி விழுந்தது. வேறு வழியில்லாதபோது மட்டும் எடுங்கள்.

7. மேகத்தையும் நீரையும் நீக்குங்கள்

ஒவ்வொரு படத்தோடும் தரக் கோப்பு ஒன்று வரும். அதில் லேண்ட்சாட் 8, 9க்குத் தெளிவான தரை என்றால் 21824, தெளிவான நீர் என்றால் 21952. லேண்ட்சாட் 5, 7க்கு முறையே 5440, 5504. க்யூஜிஸில் படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போடும் ராஸ்டர் கால்குலேட்டரில், தெளிவான தரை எண்ணுக்குச் சமமான கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

கண்ணுக்கு மேகமே இல்லாத படத்திலும் இதைச் செய்ய வேண்டும். மெல்லிய மேகமும் மேகநிழலும் தரையைப் பல டிகிரி குளிர்ச்சியாகக் காட்டும். நீரை நீக்கக் காரணம் வேறு. நீருக்குப் பசுமைக் குறியீடு (எவ்வளவு பச்சை என்று காட்டும் எண், 9ஆம் படியில் வரும்) குறைவு, சூடும் குறைவு. "பசுமை குறைந்தால் சூடு கூடும்" என்ற தொடர்பை அது தலைகீழாக இழுத்துவிடும்.

8. எண்ணை டிகிரியாக மாற்றுங்கள்

நிலை 2 படத்தில் ஒவ்வொரு அளவீடும் பேண்ட் என்ற தனிக் கோப்பாக இருக்கும். வெப்பநிலை பேண்ட் நேரடியாக டிகிரியில் வராது, ஐந்து இலக்க எண்ணாக வரும். ராஸ்டர் கால்குலேட்டரில் இதைப் போடுங்கள்:

படத்தின் எண் × 0.00341802 + 149 − 273.15

46000 என்ற எண் 33.08 டிகிரி செல்சியஸ் ஆகும். 48000 என்பது 39.91. இந்த இரண்டையும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு படத்துக்குப் போங்கள்.

தவறுகள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கும். −124 டிகிரி வந்தால் படம் இல்லாத வெற்றிடத்தின் சுழியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறீர்கள். 46000க்கு −116 வந்தால் 149ஐக் கூட்ட மறந்துவிட்டீர்கள். 306 வந்தால் கெல்வினிலேயே நிற்கிறீர்கள்.

வெப்பநிலையோடு ஒரு நிச்சயமின்மை பேண்டும் வரும். அதை 0.01ஆல் பெருக்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை டிகிரி வரை முன்பின் இருக்கலாம் என்று தெரியும். கடைசியில் உங்களுக்குக் கிடைக்கும் வித்தியாசம் அதைவிடச் சின்னதாக இருந்தால் எதையும் அடித்துச் சொல்லாதீர்கள்.

9. பசுமைக் குறியீட்டைக் கணக்கிடுங்கள்

என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீடு எளிது: அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நான் பார்த்தவரை, மற்ற எல்லாப் படிகளையும்விட இதில்தான் அதிகப் பிழை.

லேண்ட்சாட் 5, 7இல் சிவப்பு பேண்ட் 3, அண்மை அகச்சிவப்பு பேண்ட் 4. லேண்ட்சாட் 8, 9இல் சிவப்பு 4, அண்மை அகச்சிவப்பு 5. பழைய சூத்திரத்தை அப்படியே புதிய படத்துக்கு ஒட்டினால் பச்சையிலிருந்தும் சிவப்பிலிருந்தும் ஒரு குறியீடு வரும். காடே மொட்டையாகத் தெரியும், பசுமை பறிபோனது என்று நாமும் பதறிவிடுவோம்.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. நிலை 2 பேண்டுகளை 0.0000275ஆல் பெருக்கி 0.2 கழித்த பிறகே குறியீட்டைக் கணக்கிட வேண்டும். வகுத்தலில் பெருக்கல் எண் அடிபட்டுப் போகும், ஆனால் அந்த 0.2 அடிபடாது. சிவப்பு 9000, அண்மை அகச்சிவப்பு 18000 என்று வைப்போம். நேராகப் போட்டால் குறியீடு 0.33, புதர்க்காடு மாதிரி. மாற்றிய பிறகு போட்டால் 0.0475உம் 0.295உம் ஆகி 0.72 வரும், அடர்ந்த பசுமை. ஒரே கட்டம், இரண்டு கதை.

குறியீடு சரியாக வந்த பின்னும் அதை அப்படியே மரம் என்று படிக்காதீர்கள். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மூடினால் குறியீடு எகிறும். கைவிட்ட வயலில் சீமைக்கருவேலம் ஏறினாலும் எகிறும். பள்ளிக்கரணையில் கோரையும் நாணலும் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். குறியீடு மாறிய ஒவ்வொரு பெரிய திட்டையும் கூகுள் எர்த்தில் கண்ணால் பாருங்கள். பழைய, புதிய செயற்கைக்கோள்களின் பேண்ட் அகலமும் ஒன்றல்ல என்பதால் குறியீட்டில் வரும் சின்ன ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் தேட வேண்டாம்.

10. கழியுங்கள், இரண்டு முறை

க்யூஜிஸில், பாலிகனுக்குள் விழும் கட்டங்களின் கணக்கைத் தரும் சோனல் ஸ்டாடிஸ்டிக்ஸ் கருவியை ஓட்டி, ஒவ்வொரு படத்துக்கும் மூன்று இடங்களின் நடுமதிப்பை எடுங்கள். சராசரியைவிட நடுமதிப்பு மேல். ஒரு தொழிற்கூடக் கூரையோ எரியும் குப்பைமேடோ அதை அவ்வளவு எளிதில் இழுக்காது.

கணக்கு புரிய மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். பழைய படத்தில் உங்கள் நிலம் 34, காப்புக்காடு 32. புதிய படத்தில் உங்கள் நிலம் 41, காப்புக்காடு 36. நேராகக் கழித்தால் 7 டிகிரி, செய்தித்தாளுக்குப் பிடிக்கும் எண். ஆனால் மாறாத காடே 4 டிகிரி கூடியிருக்கிறது, அது அன்றைய வானிலை. முன்பு உங்கள் நிலம் காட்டைவிட 2 கூடுதல், இப்போது 5 கூடுதல். நிலம் மாறியதால் வந்தது 3 டிகிரி. சொல்ல வேண்டிய எண் இது ஒன்றுதான்.

இதே கணக்கைப் பழைய கட்டடப் பகுதியோடும் போடுங்கள். இரண்டு விடையும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் ஒப்பீட்டு இடம் எதுவோ மாறியிருக்கிறது. திரும்பப் போய்ப் பாருங்கள்.

இங்கே எல்லோரையும் திகைக்க வைக்கும் ஒரு விஷயம் உண்டு. ஏப்ரல் படத்தில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் காய்ந்த தரிசு, தியாகராய நகரைவிடச் சூடாகத் தெரியலாம். "நகரம் கிராமத்தைவிடக் குளிர்ச்சியா? எங்கேயோ தப்பு" என்று மாணவர்கள் கோப்புகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். தப்பில்லை. காய்ந்த வெறும் மண் காலை வெயிலில் சட்டென்று சூடேறும். நெருங்கிய கட்டடங்களோ ஒன்றுக்கொன்று நிழல் போட்டுக்கொண்டு, கான்கிரீட்டுக்குள் வெப்பத்தை மெல்ல உள்வாங்குகின்றன. அந்தப் பாக்கியை இரவில் திருப்பித் தருகின்றன. பத்தரை மணிப் படத்துக்கு இரவு தெரியாது.

அதனால்தான் மனை மாற்றத்தை மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். செடிகொடி வழித்து கிராவல் கொட்டிக் கல் நட்ட கட்டம், பாதி வீடு வந்த கட்டம், நெருங்கிவிட்ட கட்டம். பகல் தரைச்சூடு பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே தாவிவிடும், ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்பே. கூகுள் எர்த்தில் எந்த ஆண்டில் எந்தக் கட்டம் என்று குறித்துக்கொண்டு, ஆண்டுவாரியாக வித்தியாசத்தை வரைபடமாகப் போட்டால் பசுமை இழப்பின் பங்கையும் கட்டடத்தின் பங்கையும் ஓரளவு தனித்தனியாகப் பார்க்கலாம். முதல் தாவல் பசுமை போனதன் பங்கு, பிறகு வருவது கட்டடத்தின் பங்கு.

குறியீட்டுக்கும் சூட்டுக்கும் தொடர்பு வரைய நினைத்தால் எல்லாக் கட்டங்களையும் கொட்டாதீர்கள். 100 மீட்டர் வெப்பக் கட்டம் ஒன்றை உடைத்தால் 30 மீட்டர் கட்டம் பதினொன்று வரும். பதினொன்றும் ஒரே அளவீட்டின் நகல்கள். குறைந்தது 200 மீட்டர் இடைவெளியில் புள்ளிகளை எடுங்கள், புள்ளி எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

11. நேரில் போய்த் தொட்டுப் பாருங்கள்

செயற்கைக்கோள் கடக்கும் நாளிலேயே, காலை பத்து மணிக்கெல்லாம் இடத்தில் இருங்கள். சவுக்குக் கம்பத்தில் வண்ணக் கொடி பறக்கும் புது மனை ஒன்றில் நின்று, ஒரே நேரத்தில் நான்கு பரப்புகளை அளக்கப் பழகுங்கள்: கிராவல் பாதை, எல்லைக் கல்லின் மேல்முகம், கல்லின் நிழல் விழுந்த மண், மனைக்கு வெளியே வரப்போரம் தப்பிப் பிழைத்த புங்கை மரத்தடி. ஒரு ஏப்ரல் காலை மேடவாக்கத்துக்குத் தெற்கே இப்படி அளந்துகொண்டிருந்தபோது, மனையைக் காவல் காத்த பெரியவர் எங்கள் கருவியைப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி முதலில் கிராவலிலும் பிறகு புங்கை நிழலிலும் நின்று காட்டினார். கிராவலில் அவரால் மூன்று எண்ணும் வரைகூட நிற்க முடியவில்லை. "முன்னாடி இந்த இடம் முழுக்கவே நிழல்தான் தம்பி" என்றார். நாங்கள் அந்தப் புங்கையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அவரோ இல்லாமல் போன மரங்கள் நின்ற இடத்தை ஒவ்வொன்றாகக் கைகாட்டினார். அன்று மாலையே எங்கள் பாலிகனைத் திருத்தினோம், தோப்பாக இருந்த பகுதியும் வயலாக இருந்த பகுதியும் தனித்தனி ஆயின.

அகச்சிவப்பு வெப்பமானியில் ஒரு பெரிய பொறி தகரக் கூரை. பளபளக்கும் உலோகம் தன் வெப்பத்தைச் சரியாக வெளியிடாமல் வானத்தைப் பிரதிபலிக்கும். கை பொத்துப்போகும் தகடு கருவியில் குளிர்ச்சியாகத் தெரியும். செயற்கைக்கோளும் இதே ஏமாற்றத்துக்கு ஆளாகும், ஆகவே பெரிய கிடங்குகள் உங்கள் பாலிகனுக்குள் இருந்தால் கவனம். தகட்டில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, சில நிமிடம் விட்டு, டேப்பை அளந்தால் உண்மையான சூடு தெரியும்.

நேரில் கிடைத்த எண் படத்தின் எண்ணோடு பொருந்த வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் கருவி உள்ளங்கை அகலத்தைப் பார்க்கிறது, செயற்கைக்கோள் இரண்டரை ஏக்கரைப் பார்க்கிறது. எது எதைவிடச் சூடு என்ற வரிசை பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

12. வரைபடமும் வாக்கியமும்

க்யூஜிஸ் ஒவ்வொரு படத்துக்கும் தன் விருப்பப்படி வண்ணத்தை நீட்டிவிடும். பழைய படத்தில் 36 டிகிரி சிவப்பு, புதிய படத்தில் 44 டிகிரி சிவப்பு என்று ஆகிவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு படமும் பொய் சொல்லும். குறைந்த அளவையும் உச்ச அளவையும் கையால் தட்டி, இரண்டுக்கும் ஒன்றாக்குங்கள். அதைவிட நல்லது, காப்புக்காட்டிலிருந்து எத்தனை டிகிரி கூடுதல் என்ற வித்தியாசப் படத்தையே வரைவது.

முடிவு வாக்கியத்தில் ஐந்து விஷயம் இருக்கட்டும்: எந்த நிலம், எந்த ஆண்டுகள், எந்த மாதம், காலை எத்தனை மணி, எதோடு ஒப்பிட்டு. "இந்த 40 ஏக்கர் மனைப்பிரிவின் தரைப்பரப்பு வெப்பநிலை, பிப்ரவரி மாதக் காலை பத்தரை மணி அளவில், நன்மங்கலம் காப்புக்காட்டோடு ஒப்பிட, மனை போடுவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளைவிட இவ்வளவு டிகிரி கூடுதல்" என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் யாராலும் அசைக்க முடியாது.

சென்னையில் கடல்காற்று கோடையில் பெரும்பாலும் இந்த நேரத்துக்குப் பிறகுதான் உள்ளே வரும். ஆகவே மதியச் சூட்டைப் பற்றியோ, தூக்கத்தைக் கெடுக்கும் இரவுச் சூட்டைப் பற்றியோ இந்தப் படத்தை வைத்து எதுவும் சொல்ல வேண்டாம். இரவு வேண்டுமானால் மோடிஸ் என்ற வேறொரு செயற்கைக்கோள் கருவியின் இரவுப் படங்கள் இருக்கின்றன, கட்டம் ஒரு கிலோமீட்டர், எனவே பல நூறு ஏக்கர் மாறிய பகுதிக்கு மட்டும். 2018 முதல் விண்வெளி நிலையத்திலிருந்து எடுக்கும் ஈகோஸ்ட்ரெஸ் படங்கள் சுமார் 70 மீட்டர் கட்டத்தில், நாளின் வெவ்வேறு நேரங்களில் கிடைக்கும். மனைக்கு முந்தைய நிலை அதில் இருக்காது, ஆனால் இன்றைய மனையையும் இன்றைய காட்டையும் இரவில் ஒப்பிட அது போதும்.

கோப்புகளை ஒப்படைக்கும்போது படம் எடுத்த தேதிகள், நேரங்கள், பாலிகன்கள், மழைக் குறிப்பு, நடுமதிப்பு அட்டவணை ஐந்தையும் ஒரே உறையில் வையுங்கள். நீங்கள் ஒதுக்கிய படங்களின் தேதிகளையும், ஏன் ஒதுக்கினீர்கள் என்ற ஒரு வரிக் காரணத்தையும் அதே அட்டவணையின் அடியில் சேர்த்துவிடுங்கள்.